புதிய பாகம் பூட்டியபின் இயங்க மறுக்கும் கணினி

பின்வரும் வினாவை முதலில் வாசியுங்கள்.

மாணவி ஒருத்தி தனது கணினியில் மேலதிகமாக ஒரு நினைவக அட்டையைப் பொருத்தினாள். மூடியைப் பூட்டி, ஆளியை அழுத்தியபோது கணினி இயங்கவில்லை. இதற்கான காரணங்கள் இரண்டினைக் குறிப்பிட்டு, அவற்றை அவள் எவ்வாறு சோதிக்கலாம் என விளக்குக.

இவ்வாறான வினாவை வகுப்பிற் கொடுத்தால் இரண்டு விடைகள் தவறாமல் வருகின்றன. ஒன்று, "வைரசு தாக்கியிருக்கலாம்" என்பது. மற்றையது, "தாய்ப்பலகை பழுதடைந்திருக்கலாம்" என்பது. முதலாவது விடைக்குப் புள்ளி கிடைக்காது. இரண்டாவது நடக்கக்கூடியதே. ஆயினும் எல்லாவற்றையும் சோதித்து முடித்தபின் இறுதியாகச் சொல்லவேண்டிய விடயத்தை முதலாவதாகச் சொல்லிவிட்ட குறை அதில் உண்டு. பரீட்சையில் அதனால் ஒன்றிரண்டு புள்ளிகள் போகும். வீட்டில் நடந்தாலோ பல ஆயிரம் ரூபாய் போகும்.

இது வினாத்தாளுக்காகப் புனைந்த நிலைமை என்று எண்ணவேண்டாம். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் எனக் கரையோரமாக நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும் இப்படியொரு வீட்டை அறிந்திருப்பீர்கள். வெளிநாட்டிலிருக்கும் காக்கா அனுப்பிய காசில் ஏற்கெனவே பாவித்த கணினி ஒன்று வாங்கப்பட்டிருக்கும். வீட்டில் அது ஒன்றுதான். தாத்தாவின் பல்கலைக்கழக ஒப்படையும் உங்கள் கடந்தகால வினாத்தாள்களும் அதற்குள்ளேதான். வேகம் போதவில்லை என்று ஒரு நினைவக அட்டையோ வரைவியல் அட்டையோ வாங்கி வருகிறீர்கள். கூட்டாளி ஒருவன் ஒத்தாசை செய்கிறான். பூட்டி முடித்து ஆளியை அழுத்தினால் சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. பரீட்சைக்கு இன்னும் சில வாரங்களே இருக்கின்றன.

அந்த நேரத்தில் கை நடுங்குவது இயல்பு. ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் இந்தக் கணினி இயங்கியது. அப்போதைக்கும் இப்போதைக்கும் இடையில் நடந்தது உங்கள் கை உள்ளே சென்று வந்தது மாத்திரமே. எனவே பழுது பெரும்பாலும் உங்கள் கை பட்ட இடத்திலேயே இருக்கும். மருதமுனையில் தறியில் நெய்பவரைப் பார்த்திருப்பீர்கள். இழை அறுந்தால் அவர் தறியை முழுவதுமாகக் கழற்றுவதில்லை. கடைசியாக நெய்த இடத்தைத்தான் குனிந்து பார்ப்பார்.

ஆளியை அழுத்தும்போது நடப்பது என்ன?

காரணத்தைத் தேடுமுன் இதனை விளங்கிக்கொள்ள வேண்டும். கணினியின் முன்பக்க ஆளி வீட்டு மின்குமிழின் ஆளியைப் போன்றதன்று. மின்குமிழின் ஆளி 230 வோல்ற் மின்சுற்றையே திறந்து மூடுகின்றது. மிகப் பழைய கணினிகளிலும் அப்படியே இருந்தது. இன்ரெல் நிறுவனம் 1995ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய ஏ.ரீ.எக்ஸ். என்னும் அமைப்பு முறை இதனை மாற்றியது. அதன்பின் முன்பக்க ஆளி ஒரு செய்தியை மட்டும் அனுப்புகின்றது. இரண்டு மெல்லிய வயர்கள் அந்த ஆளியிலிருந்து தாய்ப்பலகையின் ஓரத்திலுள்ள இரண்டு சிறு ஊசிகளுக்குச் செல்கின்றன. நீங்கள் அழுத்தும் கணத்தில் அவ்விரு ஊசிகளும் ஒன்றோடொன்று தொடுக்கப்படுகின்றன. தாய்ப்பலகை அதனை உணர்ந்து, மின்வலு வழங்கிக்கு "தொடங்கு" எனச் சமிக்ஞை கொடுக்கின்றது.

நிறுத்தி வைக்கப்பட்டுள்ள கணினியின் தாய்ப்பலகை இந்த அழுத்தத்தை எப்படி உணர்கிறது என்று நீங்கள் கேட்கவேண்டும். நல்ல கேள்வி. கணினி நிறுத்தப்பட்டிருந்தாலும், சுவரிலுள்ள செருகி இணைக்கப்பட்டிருக்கும்வரை மின்வலு வழங்கி ஒரு 5 வோல்ற் காத்திருப்பு மின்னைத் தாய்ப்பலகைக்கு வழங்கிக்கொண்டே இருக்கும். வண்ண வயர்கள் உள்ள வழங்கிகளில் ஊதா நிற வயர் அதுவாகும். பச்சை வயர் "தொடங்கு" என்னும் சமிக்ஞையைக் கொண்டு வருவது. மஞ்சள் 12 வோல்ற், சிவப்பு 5 வோல்ற், செம்மஞ்சள் 3.3 வோல்ற், கறுப்பு பொதுமுனை. அண்மைக்கால வழங்கிகள் பலவற்றில் எல்லா வயர்களும் கறுப்பாகவே இருப்பதால் நிறத்தை மட்டும் நம்பவேண்டாம்.

இந்தக் காத்திருப்பு மின்தான் பல பழுதுகளுக்கு ஊற்று. "கணினியை நிறுத்திவிட்டுத்தான் பூட்டினேன்" என்பார்கள். நிறுத்தியது உண்மை, ஆனால் செருகியைக் கழற்றவில்லை. மின் இருக்கும் தாய்ப்பலகையில் அட்டையைச் செருகினால், சரியாக இறங்குவதற்கிடையில் தொடக்கூடாத ஊசிகள் தொட்டுக்கொள்ளலாம். எனவே மூடியைத் திறக்குமுன் செருகியைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பின்னர் முன்பக்க ஆளியைச் சில செக்கன்கள் அழுத்திப் பிடியுங்கள். வழங்கியில் எஞ்சியிருக்கும் மின் இதனால் பெருமளவு வெளியேறும். தாய்ப்பலகையில் ஒரு சிறு விளக்கு இருந்தால் அது அணைவதைக் கண்ணாற் காணலாம்.

தொடங்கு சமிக்ஞை கிடைத்ததும் வழங்கி வேலையைத் தொடங்கி, தனது வோல்ற்றளவுகள் சீரானபின் "மின் சரி" என்று இன்னொரு சமிக்ஞையைத் திருப்பி அனுப்பும். அதற்கு எடுக்கும் நேரம் 100 முதல் 500 மில்லிசெக்கன் வரை. அது வரும்வரை மத்திய செயற்பாட்டு அலகு எதனையும் செய்யாமல் காத்திருக்கும். வந்தபின்பே பயோஸ் எனப்படும் நிலைபொருள் விழித்து, நினைவகம் உண்டா, வரைவியல் அட்டை உண்டா, விசைப்பலகை உண்டா எனச் சுயபரிசோதனை செய்யும். இவையெல்லாம் முடிந்த பின்னர்தான் வன்தட்டிலிருந்து பணிசெயல் முறைமை ஏற்றப்படும்.

வைரசு என்ற விடை ஏன் பிழை என்பது இப்போது விளங்கியிருக்கும். வைரசு ஒரு மென்பொருள். மின்விசிறியே சுழலாத கணினியில் எந்த மென்பொருளும் இன்னும் இயங்கத் தொடங்கவில்லை. ஒரு புறநடையைச் சொல்லிவைக்கிறேன். 1998இல் தாய்வானில் எழுதப்பட்டு, 1999 ஏப்ரல் 26ஆந் திகதி உலகெங்கும் கணினிகளைத் தாக்கிய சீ.ஐ.எச். என்ற வைரசு, சில தாய்ப்பலகைகளில் பயோசையே அழித்தது. அவை தொடங்க மறுத்தன. ஆனால் அவற்றிலும் மின்விசிறி சுழன்றது, திரைதான் வெறுமையாயிருந்தது.

முதலில் கண்ணையும் காதையும் பாவியுங்கள்

திருகாணி செலுத்தியைக் கையில் எடுக்குமுன் ஆளியை ஒரேயொரு தடவை அழுத்தி, கணினி என்ன செய்கிறது என அவதானியுங்கள். மூன்று நிலைமைகளில் ஒன்றைக் காண்பீர்கள். எந்தவித அசைவும் இல்லாதிருத்தல், மின்விசிறி ஒரு கணம் துடித்து நின்றுவிடுதல், மின்விசிறி தொடர்ந்து சுழன்றும் திரையில் எதுவும் தோன்றாதிருத்தல். மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களைச் சுட்டுகின்றன. "கணினி வேலை செய்யவில்லை" என்று பொதுவாகச் சொல்பவருக்கும், "விசிறி ஒருதடவை துடித்து நின்றது" என்று சொல்பவருக்கும், பழுதுபார்ப்பவரிடம் கிடைக்கும் மரியாதை வேறு. கட்டணமும் சிலவேளை வேறுபடும்.

எந்த அசைவும் இல்லை என்றால்

மின் உள்ளே வரவில்லை, அல்லது ஆளியின் செய்தி தாய்ப்பலகைக்குப் போகவில்லை என்பது பொருள். சுவரிலிருந்து தொடங்குங்கள். 13 அம்பியர் சதுர ஊசிச் செருகிகளின் உள்ளே ஓர் உருகி இருக்கின்றது. அது எரிந்திருக்கலாம். அதே குதையில் மேசைவிளக்கொன்றைச் செருகிப் பார்த்தால் குதையின் நிலைமை தெரிந்துவிடும். தடையிலா மின்வழங்கி வழியாக இணைத்திருந்தால் அதனை விலக்கி நேரே சுவரில் இணைத்துப் பாருங்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நடந்த காலத்தில் இக்கருவியை வாங்கிய வீடுகள் பல. அதன் மின்கலம் சில ஆண்டுகளில் வலுவிழந்துவிடும்.

அடுத்து, கணினியின் பின்புறத்தில் மின்வயர் செருகும் இடத்துக்கு அருகே ஒரு சிறிய ஆளி உள்ளது. பாகம் பூட்டுவதற்காக அதனை நிறுத்தியிருப்பீர்கள். மீண்டும் போட்டீர்களா? இதனை எழுதுபவரும் ஒருமுறை, மாணவர்கள் பதினைந்து பேர் பார்த்துக்கொண்டிருக்க, அரை மணி நேரம் உள்ளே துழாவிய பிறகே அந்த ஆளி நிறுத்தப்பட்டிருப்பதைக் கண்டார். கண்டது அவரல்லர், பின்வரிசையில் நின்ற ஒரு மாணவி.

பழைய வழங்கிகள் சிலவற்றில் அதே இடத்தில் 115, 230 என இலக்கமிட்ட சிவப்பு ஆளியொன்றும் இருக்கும். நமது நாட்டு மின்வழங்கல் 230 வோல்ற் ஆகையால் அது 230இலேயே இருக்கவேண்டும். 115இற்கு மாற்றி மின் கொடுத்தால் உள்ளேயுள்ள சுற்று வோல்ற்றளவை இரட்டிப்பாக்கிவிடும். பெரும் சத்தத்துடன் வழங்கி எரிந்துபோகும். கையால் தடவி ஆளி தேடும்போது இதனை நகர்த்திவிட வேண்டாம்.

வெளியே எல்லாம் சரியென்றால் செருகியைக் கழற்றிவிட்டு உள்ளே பாருங்கள். நினைவக அட்டையை அழுத்தும்போது கை உரசி, முன்பக்க ஆளியின் மெல்லிய வயர் இரண்டும் ஊசிகளிலிருந்து கழன்றிருக்கும். இது மிகச் சாதாரணமாக நடப்பது. தாய்ப்பலகையின் கையேட்டிலோ பலகையின்மேலோ எந்த ஊசிகள் ஆளிக்குரியவை எனக் குறிக்கப்பட்டிருக்கும். ஆளியின் வயர்களுக்கு நேர், மறை என்ற பேதமில்லை. எப்படிச் செருகினாலும் சரி. விளக்குகளின் வயர்களுக்கு அந்தப் பேதம் உண்டு.

பின்னர் தாய்ப்பலகையின் பெரிய மின் இணைப்பியைப் பாருங்கள். தொடக்கத்தில் அது 20 ஊசிகள் கொண்டதாயிருந்தது. 2003இல் வந்த திருத்தத்தின்பின் 24 ஊசிகள் ஆயிற்று. ஒரு பக்கத்திலுள்ள கொளுவி கிளிக் என்று பிடிக்கும்வரை அது இறங்கவேண்டும். கண்ணுக்குச் செருகப்பட்டது போலத் தோன்றி, ஒரு மில்லிமீற்றர் மேலே நின்றாலும் போதும், கணினி அசையாது.

துடித்து நின்றால்

விசிறி ஒருதடவை அசைந்து நிற்பது வழங்கி தன்னைத்தானே காத்துக்கொள்வதன் அடையாளம். எங்கோ குறுஞ்சுற்று ஏற்பட்டிருக்கின்றது, அல்லது கேட்கப்படும் வலு வழங்கியின் கொள்ளளவை மீறுகின்றது. அது உடனே தன்னை நிறுத்திவிடுகின்றது. சில வழங்கிகள் சுவரிலிருந்து கழற்றிச் சிறிது நேரம் விட்டபின்பே மறுபடி தொடங்கும். ஆகவே ஆளியை மீண்டும் மீண்டும் அழுத்துவதால் பயனில்லை.

குறுஞ்சுற்றுக்கு உள்ளே விழுந்த திருகாணி ஒன்றே போதும். பூட்டும்போது ஐந்து திருகாணிகளைக் கழற்றினீர்கள், நான்குதான் கையில் இருக்கின்றன என்றால், ஐந்தாவதைக் கண்டெடுக்காமல் மின் கொடுக்க வேண்டாம். தாய்ப்பலகையையே மாற்றியிருந்தால் பித்தளைத் தாங்கிகளைக் கவனியுங்கள். பலகை உலோகப் பெட்டியில் நேரடியாகப் படாமல் அவைதாம் அதனை உயர்த்திப் பிடிக்கின்றன. பலகையில் துளையில்லாத இடத்தில் ஒரு தாங்கி மிஞ்சியிருந்தால், அது பலகையின் அடிப்பக்கத்தைத் தொட்டுக் குறுஞ்சுற்றை உண்டாக்கும்.

இனி வலுவைக் கணிப்போம். விஞ்ஞானப் பாடத்தில் நீங்கள் படித்த, வலு = வோல்ற்றளவு × மின்னோட்டம் என்ற சமன்பாடு இங்கே நேரடியாக உதவுகின்றது. வழங்கியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ற் வழிக்கு 14 அம்பியர் என்று எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். அது தரக்கூடிய உச்ச வலு 12 × 14 = 168 வாற். மத்திய செயற்பாட்டு அலகு 95 வாற்றும், வன்தட்டும் விசிறிகளும் சேர்ந்து 20 வாற்றும் எடுத்தால் 115 வாற். இதுவரை போதும். இப்போது ஒரு வரைவியல் அட்டையைச் செருகுகிறீர்கள். செருகிடத்தின் 12 வோல்ற் முனைகள் வழியாக அது 5.5 அம்பியர்வரை, அதாவது 66 வாற்வரை எடுக்கலாம். மொத்தம் 181 வாற். வழங்கிக்குத் தாங்காது. கணினி தொடங்காமல் விடலாம். அல்லது தொடங்கி, நிழற்படமோ விளையாட்டோ திறந்தவுடன் அணையலாம். பெட்டியின்மேல் 300 வாற் என்று பெரிதாக எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குபவர்கள் இந்தச் சிறிய அட்டவணையைப் பார்ப்பதில்லை. 12 வோல்ற் வழிக்கு எத்தனை அம்பியர் என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

விசிறி சுழன்றும் திரை வெறுமையாயிருந்தால்

நல்ல செய்தி: வழங்கி தொடங்குகிறது, ஆளியும் வேலை செய்கிறது. தடை சுயபரிசோதனைக் கட்டத்தில் இருக்கின்றது. புதிய நினைவக அட்டை பூட்டியபின் அதிகம் காணப்படுவது இந்த நிலைமையே.

நினைவக அட்டை அரைகுறையாக இறங்கியிருப்பதே முதற்காரணம். பயத்தினால் மெதுவாக அழுத்துகிறோம். இரு ஓரங்களையும் சமமாக அழுத்த, பக்கக் கொளுவி தானே மேலெழுந்து அட்டையைப் பிடிக்கவேண்டும். சில பலகைகளில் ஒரு பக்கத்தில் மட்டுமே கொளுவி இருக்கும். அங்கே மற்றப் பக்கம் இறங்கியதா என்பதைக் கண்ணால் உறுதிசெய்யுங்கள்.

இரண்டாவது காரணம் வகை பொருந்தாமை. டி.டி.ஆர். முதற் தலைமுறை அட்டைக்கு 184 முனைகள். டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3 ஆகிய இரண்டுக்கும் 240. டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288. முனைகளின் எண்ணிக்கை சமமாயிருப்பதால் ஒன்றை மற்றதன் இடத்தில் இடலாம் என்பதன்று. அவற்றின் அடியிலுள்ள வெட்டு வெவ்வேறு இடங்களில் அமைந்துள்ளது. வோல்ற்றளவும் வேறு: டி.டி.ஆர்.2இற்கு 1.8, டி.டி.ஆர்.3இற்கு 1.5, டி.டி.ஆர்.4இற்கு 1.2 வோல்ற். தவறான அட்டை உட்செல்லாமல் தடுப்பதற்கே அந்த வெட்டு. "கொஞ்சம் பலமாக அழுத்தினால் போகும்" என்று யாராவது சொன்னால் அட்டையை அவரிடமிருந்து வாங்கிவிடுங்கள்.

நமது ஊருக்கே உரிய ஒரு காரணமும் உண்டு. கடலுக்கு அண்மையில் வாழ்கிறோம். உப்புக் காற்றும் ஈரமும் உலோக முனைகளில் மெல்லிய படலத்தை உண்டாக்குகின்றன. அசையாமல் இருந்தவரை இயங்கிய பழைய அட்டை, புதியதைப் பூட்டும்போது சற்று அசைக்கப்பட்டதும் தொடுகையை இழந்துவிடலாம். அட்டையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை மென்மையான வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டு மீண்டும் செருகிப் பாருங்கள். செலவில்லாத இந்தச் சிறு வேலை பல கணினிகளை மீட்டிருக்கின்றது. நெசவு நடக்கும் வீடுகளில் இதனோடு பஞ்சுத் தூசும் சேர்ந்துகொள்ளும். மூடியைத் திறந்த நேரத்தில் விசிறிகளையும் ஒரு தூரிகையால் துப்புரவு செய்துவிடலாம்.

மூன்றாவதாக, தாய்ப்பலகையில் மத்திய செயற்பாட்டு அலகுக்கு அருகே தனியான 4 ஊசி அல்லது 8 ஊசி இணைப்பி ஒன்று இருக்கின்றது. 4 ஊசி இணைப்பி பென்ரியம் 4 வந்த 2000ஆம் ஆண்டளவில் அறிமுகமானது. பெரிய இணைப்பியைப் பூட்டியவர் இதனை மறந்துவிடுவார். அப்போது விசிறிகள் அழகாகச் சுழலும், ஆனால் மத்திய செயற்பாட்டு அலகுக்கு உணவில்லை. பெரிய வரைவியல் அட்டைகளுக்கும் தம்மேல் 6 அல்லது 8 ஊசி இணைப்பி உண்டு. அதனையும் விட்டுவிடக்கூடாது.

வரைவியல் அட்டை பூட்டியவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். திரையின் வடம் இன்னும் தாய்ப்பலகையின் பழைய துறையிலேயே செருகப்பட்டிருக்கின்றதா? கணினி ஒழுங்காக இயங்கிக்கொண்டிருக்கும், படம் மட்டும் வேறொரு துறை வழியாகப் போய்க்கொண்டிருக்கும். கணினி செத்துவிட்டது என்று முச்சக்கர வண்டியில் ஏற்றிச் சென்று, கடையில் வடத்தை மாற்றிச் செருகியதும் வேலை செய்த கதைகள் உண்டு.

மத்திய செயற்பாட்டு அலகையே மாற்றியிருந்தால், தாய்ப்பலகையின் பயோஸ் அதனை அறியாதிருக்கலாம். குதையில் பொருந்துகின்றது என்பதனால் இயங்கும் என்று கொள்ளமுடியாது. பலகையைத் தயாரித்தவர் வெளியிட்ட பட்டியலைப் பார்த்தே வாங்கவேண்டும். வெப்பக் கடத்தியும் விசிறியும் சரியாக அமராவிட்டால், தொடங்கிய சில செக்கன்களிலேயே அலகு சூடேறித் தானாக நின்றுவிடும்.

சுயபரிசோதனை தோல்வியுற்றால் கணினி பீப் ஒலிகளாலும் சொல்லும். அவோர்ட் பயோசில் ஒரு நெடிய ஒலியும் இரண்டு குறுகிய ஒலிகளும் வரைவியல் அட்டைப் பிரச்சினையைக் குறிக்கும். பயோசுக்குப் பயோஸ் இக்குறிகள் வேறுபடுவதால் கையேட்டைப் பாருங்கள். இன்றைய பலகைகளில் ஒலிபெருக்கி இல்லாமல் இருக்கலாம். அதற்குப் பதிலாகச் சிறு விளக்குகள் எரிந்து பழுதின் இடத்தைக் காட்டும்.

பின்னே சென்று முன்னே வருதல்

மேலே கூறியவற்றைப் பார்த்தும் காரணம் அகப்படவில்லையா? புதிய பாகத்தைக் கழற்றிவிட்டுப் பழைய நிலைக்கே போங்கள். இயங்கினால் பழைய பாகங்கள் அனைத்தும் நலம் என்பது நிரூபணமாகின்றது. சந்தேகம் புதிய அட்டைமீதோ அதன் பொருத்தத்தின்மீதோ நிற்கும். இயங்காவிட்டால் இன்னும் குறையுங்கள். வன்தட்டு, இறுவட்டு இயக்கி, மேலதிக அட்டைகள் அனைத்தையும் கழற்றி, தாய்ப்பலகை, மத்திய செயற்பாட்டு அலகு, அதன் விசிறி, ஒரேயொரு நினைவக அட்டை, வழங்கி ஆகியவற்றோடு மட்டும் தொடங்குங்கள். தாய்ப்பலகையில் திரைத்துறை இல்லையென்றால் வரைவியல் அட்டையையும் விட்டுவையுங்கள். இயங்கினால் ஒவ்வொன்றாகச் சேர்த்து வாருங்கள். எதனைச் சேர்த்ததும் நிற்கின்றதோ அதுவே குற்றவாளி. இரண்டை ஒரே நேரத்தில் சேர்த்தால் குற்றவாளி யாரென்று தெரியாது. விஞ்ஞானப் பரிசோதனையில் ஒரு மாறியை மட்டும் மாற்றி ஏனையவற்றை மாறாது வைப்பது போன்றதே இதுவும். ஒவ்வொரு தடவையும் செருகியைக் கழற்றிய பின்பே கையை உள்ளே வைக்கவேண்டும். அலுப்பாகத்தான் இருக்கும்.

இடையில் பயோஸ் அமைப்புகளை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருவதும் உதவலாம். பலகையிலுள்ள நாணயம் போன்ற 3 வோல்ற் மின்கலத்தை, செருகி கழற்றிய நிலையில், சில நிமிடங்கள் எடுத்துவைத்து மீண்டும் இடுங்கள். சீ.ஆர்.2032 என்ற இந்த மின்கலம் கடைகளில் இலகுவாகக் கிடைக்கும்.

இவ்வளவுக்கும் பின் பலகையை உற்றுப் பாருங்கள். உருளை வடிவக் கொள்ளளவிகளின் தலை தட்டையாக இருக்கவேண்டும். உப்பியோ கபில நிறத் திரவம் கசிந்தோ இருந்தால் பலகை உண்மையாகவே நோயாளிதான். 2000களின் முற்பகுதியில் தரங்குறைந்த கொள்ளளவிகள் உலகெங்கும் கணினிகளிற் பொருத்தப்பட்டு, சில ஆண்டுகளில் வெடிக்கத் தொடங்கின. டெல் நிறுவனம் இவ்வாறான கணினிகளைத் திருத்துவதற்கென 2005ஆம் ஆண்டில் 30 கோடி அமெரிக்க டொலரை ஒதுக்க நேர்ந்தது. அக்காலப் பலகையில் புதிய பாகத்தைப் பூட்டியதும் அது விழுந்துவிட்டால், பாகத்தில் குற்றமில்லை. ஏற்கெனவே தளர்ந்திருந்த பலகையால் மேலதிகச் சுமையைத் தாங்க முடியவில்லை.

ஓர் எச்சரிக்கை

மின்வலு வழங்கியின் பெட்டியை எக்காரணங்கொண்டும் திறக்கவேண்டாம். வீட்டு மின் 230 வோல்ற் என்பது பயன்படு பெறுமானம். அதன் உச்சப் பெறுமானம் 230ஐ 1.414ஆற் பெருக்க வரும் ஏறத்தாழ 325 வோல்ற். வழங்கியினுள் இருக்கும் பெரிய கொள்ளளவிகள் அந்த அளவுக்கு மின்னேற்றப்படுகின்றன. செருகியைக் கழற்றிய பின்னும் அந்த ஏற்றம் சில நேரம் நிற்கும். அது உயிரைப் பறிக்கக்கூடியது. வழங்கியைப் பல்மானி கொண்டு சோதிக்கவேண்டியிருந்தால் ஆசிரியரிடமோ பயிற்சி பெற்றவரிடமோ கொண்டு செல்லுங்கள். அதே வகையான, இயங்கும் வழங்கியொன்றை இரவலாகப் பெற்று மாற்றிப் பார்ப்பது அதனினும் இலகுவான சோதனை.

முதல் வினாவுக்கு விடை

இப்போது தொடக்கத்திலிருந்த வினாவுக்குத் திரும்புவோம். பின்வருமாறு எழுதினால் போதுமானது.

காரணம் ஒன்று: நினைவக அட்டை செருகிடத்தில் முழுமையாகப் பொருந்தாமை. மின்செருகியைக் கழற்றி, அட்டையை வெளியே எடுத்து, கொளுவி பிடிக்கும்வரை மீண்டும் செருகி, கணினியைத் தொடக்கிப் பார்க்கலாம்.

காரணம் இரண்டு: நினைவக அட்டையின் வகை தாய்ப்பலகைக்குப் பொருந்தாமை. புதிய அட்டையை அகற்றிப் பழைய அட்டையுடன் மட்டும் தொடக்கவேண்டும். கணினி இயங்கினால், புதிய அட்டையின் வகையைத் தாய்ப்பலகையின் கையேட்டுடன் ஒப்பிட்டு உறுதிசெய்யலாம்.

பொருத்தும்போது முன்பக்க ஆளியின் வயர் கழன்றிருத்தல் என எழுதினாலும் ஏற்கத்தக்கதே. ஆனால் "எவ்வாறு சோதிப்பாள்" என்ற பகுதிக்கு விடையளிக்காமல் காரணத்தை மட்டும் எழுதுவோர் பலர். அங்கேதான் பாதிப் புள்ளிகள் தவறிப்போகின்றன.

பயிற்சி

1. முன்பக்க ஆளி 230 வோல்ற் மின்சுற்றை நேரடியாகத் திறந்து மூடுவதில்லை என்பதைக் காட்டும் சான்று ஒன்றைத் தருக.

2. வழங்கி ஒன்றின் 12 வோல்ற் வழி 18 அம்பியர் தரவல்லது. இவ்வழியிலிருந்து ஏற்கெனவே 130 வாற் பெறப்படுகின்றது. 66 வாற் பெறும் வரைவியல் அட்டையை இதில் பொருத்தலாமா? கணித்துக் காட்டுக.

3. மாணவன் ஒருவன் நினைவக அட்டையையும் வரைவியல் அட்டையையும் ஒரே தடவையில் பொருத்தினான். மின்விசிறி சுழல்கின்றது, திரை வெறுமையாயுள்ளது. அவன் அடுத்துச் செய்யவேண்டியவற்றை ஒழுங்குமுறையாக எழுதுக.